இரண்டடித் தொட்டி, போர்வெல் தண்ணீர்: எந்த மீனோடு எந்த மீன் சேரும்?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம். விஷுவுக்கு வந்த கைநீட்டக் காசைத் தொடாமல் வைத்திருந்து, மீன்தொட்டிதான் வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். நாலாம் வகுப்பு. போன ஞாயிறு கோயம்புத்தூர் போய் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கி வந்துவிட்டோம். டாப் ஃபில்டர், லைட், நீலக் கல், வாயைத் திறந்து திறந்து மூடும் புதையல் பெட்டி எல்லாம் அதோடு வந்தன. மீன் மட்டும் இன்னும் இல்லை. தண்ணீர் இரண்டு நாளாவது நிற்கட்டும் என்று வீட்டம்மா தடுத்துவிட்டார்.

மகள் எழுதித் தந்த பட்டியல்: ஸ்வர்ணமத்ஸ்யம் 2 (பள்ளிக்கூடத்தில் மலையாளம், அதனால் கோல்டு ஃபிஷ் அவளுக்கு அப்படித்தான்), டைகர் பார்ப் 4, ஃபைட்டர் 1, கப்பி 6, ஏஞ்சல் 2, பேபி ஷார்க் 2, கண்ணாடி துடைக்கச் சக்கர் 1. மொத்தம் 18. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாம் சேருமுங்க, கூட்டமா இருந்தாத்தான் பார்க்க அழகு" என்றார்.

சேருமா? தண்ணீர் போர்வெல்தான். சுட வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குடிக்க மட்டும் ஆர்.ஓ.

கலர்மீன் பைத்தியம் (மதுக்கரை)

அண்ணா, அக்கா சொன்னதுதான் சரி. ஆனால் இரண்டு நாள் போதாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தொட்டியை அளந்துவிடுவோம். 60 செ.மீ., 30, 30. பெருக்கினால் 54 லிட்டர். கல் போட்டு, மேலே இரண்டு விரல் இடம் விட்டால் கையில் நிற்பது 45 லிட்டர். மூன்று குடம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 18 மீன்.

இப்போது பட்டியல். ஃபைட்டர் கப்பியின் வாலைக் கடிக்கும். டைகர் பார்ப் ஃபைட்டரின் வாலையும் ஏஞ்சலின் மீசைத் துடுப்பையும் கடிக்கும். ஏஞ்சல் வளர்ந்ததும் கப்பியையே விழுங்கும். கோல்டு ஃபிஷ் யாரையும் கடிக்காது. ஆனால் நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் வரும், அது போடும் கழிவில் மற்றதெல்லாம் திணறும். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரியைச் சுற்றி இருந்தால் சுகமாக இருக்கும். நம் பக்கம் ஏப்ரலில் அது எங்கே கிடைக்கும்?

சக்கர் இரண்டு அங்குலத்தில் விற்பார்கள், ஓரடியைத் தாண்டிவிடும். கண்ணாடி துடைக்கும் என்பதும் சின்ன வயதில்தான். பேபி ஷார்க் கதை இன்னும் வேடிக்கை. அது சுறாவே இல்லை. மீகாங் ஆற்றுக் கெளுத்தி, ஒரு மீட்டருக்கு மேல் போகும். ஆந்திராவில் குளம் குளமாக வளர்த்துப் பாசா என்று ஹோட்டலில் பொரித்துத் தருகிறார்களே, அதன் குஞ்சுதான் அந்தக் கண்ணாடிப் பையில் துள்ளுவது.

பொள்ளாச்சி42

பயமுறுத்தாதீங்க. எங்கள் வீட்டில் கோல்டு ஃபிஷும் கப்பியும் மூன்று வருஷமாக ஒரே தொட்டியில் இருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லை. புத்தகத்தைப் பார்த்து மீன் வளர்த்தால் எந்த மீனையும் வளர்க்க முடியாது.

மீன்கார அத்தை (சித்தூர்)

தம்பி பொள்ளாச்சி, தொட்டி எத்தனை அடி? கப்பி எத்தனை போட்டீர்கள், இப்போது எத்தனை இருக்கிறது?

பொள்ளாச்சி42

நாலடி அத்தை. கப்பி பத்துப் போட்டேன், இப்போது நாலு. வயசாகிப் போனதுதான்.

மீன்கார அத்தை (சித்தூர்)

கப்பி மாதம் ஒருமுறை குட்டி போடும். மூன்று வருஷத்தில் பத்து கப்பி ஐந்நூறு ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு நாலு ஆகியிருக்கிறது. மீதியெல்லாம் எங்கே போயிற்று என்று கோல்டு ஃபிஷைக் கேளுங்கள்.

பொள்ளாச்சி42

:) சரி சரி. நாலடி என்பதால் தப்பித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேப் தம்பி (பாலக்காடு)

எல்லாரும் மீனோடு மீன் சேருமா என்றே பார்க்கிறீர்கள். தண்ணீரோடு சேருமா என்று முதலில் பார்க்க வேண்டும். சண்டை போடாத இரண்டு மீன்கள் ஒரே தண்ணீரில் ஒன்று கொழுத்தும் ஒன்று இளைத்தும் போவதுண்டு.

தென்னந்தோப்பு அண்ணா, ஆர்.ஓ. சர்வீஸ்காரரிடம் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். போர்த் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் தனித்தனியாக முக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் பி.எச். பார்க்கக் கடையில் சொட்டு மருந்து மாதிரி ஒரு கிட் கிடைக்கும். தெர்மாமீட்டர் ஒன்று கண்ணாடியில் ஒட்டிவிட்டு, மதியம் மூன்று மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். காலை அளவு ஏமாற்றும்.

தென்னந்தோப்பு

பார்த்துவிட்டேன். போர் 780, ஆர்.ஓ. 40. பி.எச். 8 என்ற நிறத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மதியம் மூன்றுக்கு 31 டிகிரி. தொட்டி இருப்பது கூடத்தில், மேலே ஓடுதான், சிமெண்டுத் தளம் இல்லை.

லேப் தம்பி

நம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்துக்கு இது வழக்கமான தண்ணீர்தான். டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பை மட்டும் அல்ல. ஆனால் உங்கள் பாத்திரத்தில் வெள்ளை படிவதால் சுண்ணாம்பும் நிறைய என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். பி.எச். 7 இருக்கும் தண்ணீரில் அதில் பெரும்பகுதி மீனை அதிகம் தாக்காத வடிவில் கிடக்கும். பி.எச். 8 ஆனால் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிவிடும். சூடு ஏறினால் இன்னும் கூடும். அதாவது சுண்ணாம்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் வரும் கோயம்புத்தூர்க்காரர் புதுத் தொட்டியில் உடனே மீனை நிரப்பித் தப்பித்திருப்பார், அதே தப்பை நீங்கள் செய்தால் சீக்கிரமே மீன் மிதக்கும்.

அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொன்று. இரண்டும் ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வீட்டம்மா சொன்ன இரண்டு நாளில் குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் போயிருக்கும், உங்கள் போரில் அதுவும் கிடையாது. பாக்டீரியா வந்திருக்காது.

கலர்மீன் பைத்தியம்

நான் ஒரு வழி சொல்கிறேன். வாரம் ஒரு கேன் சிறுவாணித் தண்ணீர் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். கால் பங்கு மாற்ற 11 லிட்டர்தான் வேண்டும். முதல் தடவை நிரப்ப மட்டும் மூன்று கேன். அப்புறம் நியான் டெட்ரா பதினைந்து விட்டுப் பாருங்கள், ராத்திரி லைட் போட்டால் சீரியல் பல்பு ஓடுகிற மாதிரி இருக்கும்.

(அணை இருப்பது உங்கள் பாலக்காட்டு ஜில்லாவில், தண்ணீர் குடிப்பது நாங்கள். அதனால் திருப்பிக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.)

மீன்கார அத்தை

தம்பி சொல்வது நல்ல மனசோடுதான். ஆனால் முதல் மாதம் சுமப்பார். இரண்டாம் மாதம் கல்யாணம், காதுகுத்து, தோப்பில் தேங்காய் வெட்டு என்று ஏதாவது வரும். 'இந்த ஒரு தடவை' என்று போர்த் தண்ணீரை ஊற்றுவார். அன்றைக்கு நியான் போகும். நானே அப்படி இருபது நியானைக் கொன்றவள். தவிர நியானுக்கு 25 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் சுகம், இவர் வீட்டுக் கூடம் 31.

நம் வீட்டுக் குழாயில் என்ன வருகிறதோ அதில் வாழ்கிற மீனை எடுத்தால் பாதிக் கவலை விட்டது. உப்புத் தண்ணீரையும் சூட்டையும் தாங்குவது குட்டி போடும் கூட்டம்: கப்பி, பிளாட்டி, மாலி. மாலி பெரிதாகும், அழுக்கும் அதிகம், 45 லிட்டருக்கு வேண்டாம். கப்பியும் பிளாட்டியும் போதும். சுண்ணாம்புத் தண்ணீர் அவற்றுக்குத் தண்டனை இல்லை, அதுதான் அவை கேட்பது. ஆர்.ஓ. கலக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு விஷயம். ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினால் ஆறு மாதத்தில் குட்டியை எங்கே கொடுப்பது என்று இதே இடத்தில் வந்து கேட்பீர்கள். பெண்ணை மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. கடையில் ஏற்கெனவே ஆணோடு இருந்திருக்கும், வயிற்றில் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குட்டி போடும். ஆண் மட்டும் வாங்குங்கள். நிறமும் கப்பியில் ஆணுக்குத்தான். பிளாட்டியில் இரண்டும் நிறமாக இருக்கும், அதனால் ஏமாறுவீர்கள். வயிற்றுக்குக் கீழே, பின்பக்கம் இருக்கும் துடுப்பைப் பாருங்கள். விசிறி மாதிரி விரிந்திருந்தால் பெண். மடக்கி வைத்த குடை மாதிரி, ஊசியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். கடைக்காரர் வலையில் அள்ளும்போது பார்க்க முடியாது, கண்ணாடிப் பையில் போட்ட பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

குழித்துறை

மக்களே, எல்லாரும் தென் அமெரிக்கா, தாய்லாந்து என்று போய்க்கொண்டே இருக்கிறீர்கள். நம் மலையில் இல்லாத மீனா? மிஸ் கேரளா இருக்கிறதே. வெள்ளி உடம்பு, நடுவில் கறுப்புக் கோடு, அதற்கு மேல் மூக்கிலிருந்து முதுகு வரை சிவப்புக் கோடு, வாலில் மஞ்சளும் கறுப்பும். 1865-இல் முண்டக்கயம் பக்கத்து மீனைப் பார்த்து எழுதி வைத்த மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டே, அப்போதைய மெட்ராஸ் கவர்னர் டெனிசன் பெயரை வைத்தார். 1997-இல் சிங்கப்பூர்க் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அதோடு பிடித்தது சனி. ஓடை ஓடையாக வலை போட்டார்கள். 2008-இல் கேரள அரசு பிடிப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் பண்ணையில் குஞ்சு பொரிப்பதும் உண்டு.

லேப் தம்பி

அண்ணாச்சி, அழகில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஐந்தாறு பேராகக் கூட்டம் சேர்ந்து ஓடும் மீன், ஒரு கையளவு நீளம் வரும். இரண்டடித் தொட்டியில் இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் முட்டிக்கொண்டே இருக்கும். மலை ஓடைக் குளிர்ச்சியும் வேகமும் வேண்டும். தோப்பு அண்ணா வீட்டு 31 டிகிரிக்கு?

குழித்துறை

ஒத்துக்கொள்கிறேன். நாலடித் தொட்டி வைத்திருப்பவர்கள் படித்து வைத்துக்கொள்ளட்டும்.

சின்னத் தொட்டிக்கு நம் ஊர் மீன் வேண்டுமென்றால் குட்டிப் பேத்தை (பஃபர் மீன்) இருக்கிறது. பம்பை ஆற்றுக்காரன், 1941-இல் திருவிதாங்கூர் பெயர் சூட்டப்பட்டது. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கண்ணை உருட்டி உருட்டி ஆளைப் பார்க்கும். ஆனால் அதைக் கப்பியோடு போட்டுவிடாதீர்கள், ஒரு வாரத்தில் வால் ஒன்றும் மிஞ்சாது. தனிக் குடித்தனம்தான் அதற்குச் சரி. நத்தையும் புழுவும் போட வேண்டும், உருண்டைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நாலாம் வகுப்புக் குழந்தைக்கு முதல் மீனாக நான் சொல்ல மாட்டேன்.

தென்னந்தோப்பு

அத்தை சொன்னதை மகளிடம் சொல்லிவிட்டேன். ஸ்வர்ணமத்ஸ்யம் இல்லை என்றதும் அரை நாள் பேசவில்லை.

இன்னொன்று. மைத்துனர் வாய்க்காலில் பிடித்துத் தருகிறேன் என்கிறார். நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு மீன், தண்ணீர் மட்டத்திலேயே நிற்கும். மானத்துக்கண்ணி என்பார்கள். காசும் இல்லை, கப்பியோடு விடலாமா?

குழித்துறை

அருமையான மீன். கொசுப் புழுவைத் தேடித் தேடித் தின்னும். கிணற்றில் விடுவார்கள் எங்கள் ஊரில். ஆனால் வாய் மேல் நோக்கி இருக்கிறது பாருங்கள், அது வேட்டைக்காரன். நன்றாக வளர்ந்தது சின்னக் கப்பியை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி இல்லாத தொட்டியிலிருந்து குதித்தும் விடும். தோப்பில் தண்ணீர்த் தொட்டி இருக்குமே, அதில் விடச் சொல்லுங்கள்.

மீன்கார அத்தை

வாய்க்கால் மீனோடு பேனும் புழுவும் ஒட்டி வரும். புதுத் தொட்டியில் அது வேண்டாம். இதையே திருப்பியும் சொல்கிறேன்: தொட்டி மீன் பெரிதாகிவிட்டது என்று வாய்க்காலில் கொண்டு போய் விடுவதும் வேண்டாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் அராபைமாவும் அலிகேட்டர் காரும் வலையில் சிக்கியது நினைவிருக்கிறதா? அமேசானிலிருந்து நீந்தியா வந்தது? சக்கர் இப்போது எத்தனை சாக்கடையில், எத்தனை ஏரியில் இருக்கிறது. எல்லாம் யாரோ ஒருவர் பாவம் பார்த்து விட்டதுதான்.

கலர்மீன் பைத்தியம்

தோப்பு அண்ணா, நாலு வாரம் குழந்தை பொறுக்காது. என் தொட்டியில் எட்டு மாதம் ஓடிய பஞ்சு ஒன்று இருக்கிறது. அதை உங்கள் ஃபில்டரில் வைத்தால் பாக்டீரியா தயாராக வந்து சேரும். சனிக்கிழமை வேலந்தாவளத்தில் டீக்கடைக்கு வாருங்கள். காயக்கூடாது, குழாயில் கழுவவும் கூடாது, குளோரின் பட்டால் செத்துவிடும்.

தென்னந்தோப்பு

பஞ்சு வந்து சேர்ந்தது. செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி, கவரில் என்ன என்று கேட்டார்கள். பழுப்பு நிறத் தண்ணீர், அதில் ஒரு பழுப்புப் பஞ்சு. 'பாக்டீரியா சாரே' என்றேன். நான் உண்மையைத்தான் சொன்னேன். மோந்து பார்த்தவர் ஒன்றும் பேசாமல் போகச் சொல்லிவிட்டார்.

வைத்து நாலு நாள். மீன் வாங்கலாமா?

லேப் தம்பி

வாங்கலாம், ஆனால் பாதி. முதலில் ஆண் கப்பி ஆறு. பஞ்சில் இருக்கும் பாக்டீரியா இத்தனை நாள் தின்று பழகிய அளவுக்குத்தான் இருக்கும். அம்மோனியா கிட்டில் தினமும் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் நிம்மதி, பச்சை தட்டினால் அன்றைக்கே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பத்து நாள் மஞ்சளாகவே நின்றால் பிளாட்டி நாலு. அதோடு நிறுத்துங்கள்.

கடை கோயம்புத்தூரில் என்றால் மீன் உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மெல்லிய தண்ணீரில் இருந்திருக்கும். உங்கள் 780-இல் திடீரென்று கொட்டினால் அதிர்ந்துவிடும். பையைக் கால் மணி நேரம் மிதக்க விட்டு, பிறகு வாளியில் ஊற்றி, உங்கள் தண்ணீரை ஒரு மணி நேரம் டம்ளர் டம்ளராகச் சேருங்கள். பிறகு மீனை மட்டும் வலையில் அள்ளி விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது.

மீன்கார அத்தை

டாப் ஃபில்டர் இழுக்கும் குழாய் வாயில் ஒரு பஞ்சைச் சொருகிவிடுங்கள், கப்பி வால் உள்ளே மாட்டும். மதியச் சூட்டுக்குச் சின்ன டேபிள் ஃபேனை தண்ணீர் மேல் படும்படி திருப்பி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். தண்ணீர் சீக்கிரம் வற்றும், வற்றியதற்கு மட்டும் ஆர்.ஓ. ஊற்றுங்கள், உப்பு அங்கேயேதான் இருக்கும். ஐஸ் கட்டி போடுகிற வேலை வேண்டாம். தீனி ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. தீனி டப்பா மகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். எல்லா வீட்டிலும் மீன் செத்தது பசியால் இல்லை.

தென்னந்தோப்பு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கப்பி ஆறும் நன்றாக இருக்கின்றன. ஐந்தாம் நாள் லேசாகப் பச்சை தட்டியது, 11 லிட்டர் மாற்றினேன், அப்புறம் மஞ்சள்தான். நேற்று பிளாட்டி நாலு வாங்கினோம். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது மகள்தான். 'அச்சா, இதுக்கு விசிறி' என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். கடைப் பையன் முறைத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தான்.

ஆனால் ஒரு சிக்கல். கிளம்பும்போது, 'பாப்பாவுக்கு ஃப்ரீ' என்று ஒரு சக்கரைக் கையில் திணித்துவிட்டார்கள். இரண்டு அங்குலம். குழந்தை முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இப்போது வாளியில் இருக்கிறது.

கலர்மீன் பைத்தியம்

கடைக்கு அது ஃப்ரீ இல்லை அண்ணா, ஒரு வாய் குறைந்தது!

பொள்ளாச்சி42

என்னிடம் கொடுங்கள். நாலடித் தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கட்டும், பெரிதானால் மாமனார் தோட்டத்தில் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது, வாய்க்காலோடு சேராதது. ஞாயிறு மீனாட்சிபுரம் வரை வருகிறேன்.

தென்னந்தோப்பு

ரொம்ப நன்றிங்க. மகளும் வருவாளாம், ஒப்படைப்பதற்கு. பெயரும் வைத்துவிட்டாள். ஸ்வர்ணமத்ஸ்யம்.

பொள்ளாச்சி42

கறுப்பாக இருக்கிறதே?

தென்னந்தோப்பு

அதையும் சொல்லிப் பார்த்தேன்.